முறியாத காலுக்கு ஒரு கட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வயதில் எனக்குக் கால் முறிந்ததாக ஊரே நம்பியது. கால் முறியவில்லை. முறிந்த மாதிரி நடித்தேன். என் முட்டாள்தனம் நடித்ததில் இல்லை, நன்றாக நடித்ததில் இருந்தது. சுமாராக நடித்திருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது.

அது யுத்த காலம். பாப்பாரப்பட்டியில் எங்களுக்கு ஒரு புட்பால் கோஷ்டி இருந்தது. சந்தை கூடாத நாட்களில் சந்தைத் திடல்தான் மைதானம். கோல் போஸ்ட் மூங்கில், நான்கு மூலையிலும் நட்ட கொடிக்கம்பு மூங்கில், பந்து மட்டும் தோல். யாருக்கும் பூட்ஸ் கிடையாது. நான் முன்வரிசையில் ஆடினேன். ஓட்டம் சுமார், உதை சுமார். விழுவதில் மட்டும் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. எதிராளியின் மூச்சுக்காற்று பட்டால் போதும், கோலுக்கு முன்னால் குப்புற விழுந்து, மூன்று உருளல் உருண்டு, "ஐயோ" என்பேன். அந்த "ஐயோ"வை ஏரிக்கரையில் தனியாக நின்று பழகியிருந்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் பந்து உதைத்துப் பழகினார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டால் பெனால்டி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டால் ப்ரீ கிக் என்பது என் அனுபவம்.

அந்த வருஷம் எங்களுக்குப் புது ரெபரி வந்தார். அவர் தொழிலில் எலும்புக்குக் கட்டுக் கட்டும் வைத்தியர். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். பூட்ஸ் இல்லாத ஆட்டம் என்பதால் யாருக்காவது எலும்பு விலகும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவரை வண்டி அனுப்பிக் கூட்டிவந்து ஓரமாக உட்காரவைப்பது வழக்கம். ரெபரிக்கும் தனியாக ஒரு வண்டி அனுப்பவேண்டியிருந்தது. யுத்தத்தில் மாட்டுத் தீவனத்துக்கே தட்டுப்பாடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷன்தானே என்று விசிலையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சட்டதிட்டங்களை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். ஒருவன் கீழே விழுந்தால் அவன் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

நான் அப்போது மாமாவின் மண்டியில் புளி தட்டிக்கொண்டிருந்தேன். காலையில் சாக்கின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கொட்டை எடுக்கவேண்டும். என்னோடு உட்கார்ந்திருந்த பதினாறு பேரும் பெண்கள். எல்லோருக்கும் என்னைவிட வேகமாகக் கை ஓடும். அதில் ஒருத்தி தினமும், "ஏந்தம்பி, நாளைக்காச்சும் மூணு கூடை தேறுமா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதுதான் என் வாழ்க்கை லட்சியமாக இருந்தது.

அதற்கு வழி மொரப்பூரில் இருந்தது. அங்கே ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர் தம் ஆட்களைச் சேர்த்து ஒரு கோஷ்டி நடத்தினார். பட்டாளத்துக்குப் போனவர்களின் இடங்கள் ஸ்டேஷனில் காலியாக இருந்தன. ஒரு தடவை என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, தண்டவாளம் மாத்திவிடற பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. நான் சொன்னாக் கேப்பாங்க. வர்றீங்களா?"

"இப்பவே வர்றனுங்க."

"இப்ப வேணாம். ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு ஆட வர்றோம். செவ்வாய்க்கிழமை காலைல எங்க ஸ்டேஷனுக்கு டாக்டர் வர்றாரு. கண்ணு தெரியணும், கால் நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

கண்ணும் காலும் எனக்குப் பிறந்ததிலிருந்தே நன்றாக இருந்தன. நான் செய்யவேண்டியதெல்லாம் செவ்வாய்க்கிழமைவரை அவற்றை அப்படியே வைத்திருப்பது. அதிகம் கேட்டுவிட்டதாக யாரும் சொல்லமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொரப்பூர்க்காரர்கள், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் கரியாக இருந்ததால் அவர்களுக்குத் தனி உடுப்பு தேவைப்படவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். பந்து என்னிடம் வந்தது. எதிரே ஒரே ஒரு ஆள், ஆறடி உயரமான பாயிண்ட்ஸ்மேன். அவன் என்னை நெருங்கக்கூட இல்லை. ஒரு வண்டி நுழையும் இடைவெளி இருந்தது. பந்தை உதைத்திருக்கலாம். எனக்கு அந்த யோசனை வரவில்லை. விழுந்தேன்.

மூன்று உருளல், ஒரு "ஐயோ", முழங்காலில் இரண்டு கை. விசில் வரவில்லை. திடலோரம் நின்றவர்களில் ஒருவர், "பாரதக்கூத்துப் படுகளத்துக்கு மண்ணுல உருவம் பண்ணி வெச்சாப்ல கெடக்கறான் பாரு!" என்றார். சிரிப்புக் கேட்டது. ஒரு கலைஞனுக்கு அது தாங்காது. இன்னும் இரண்டு உருளல் உருண்டு, "முறிஞ்சுபோச்சே! கால் முறிஞ்சுபோச்சே!" என்று கத்தினேன்.

அப்போதுதான் விசில் வந்தது. வைத்தியர் வந்து குந்தினார். முழங்காலிலிருந்து பாதம்வரை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போனார். திரும்பவும் மேலே வந்தார்.

"முறிஞ்சுதா?" என்றார்.

"முறிஞ்சுதுங்க ஐயா. சத்தமே கேட்டுதுங்க."

"நான் தொடவேயில்லீங்க!" என்று பாயிண்ட்ஸ்மேன் அலறினான். "காத்துதான் பட்டிருக்கும்!"

"நீ தொடலப்பா, நான் பாத்தேன்" என்றார் வைத்தியர். எங்கள் காப்டனிடம் திரும்பினார். "பெனால்டி கெடையாது. யாரும் தொடல. தானா விழுந்து தானா முறிஞ்சிருக்கு. முட்டை ஆறு, உளுந்து மாவு ஒரு படி, பழைய வேட்டி ஒண்ணு கொண்டாங்க."

நான் மெதுவாக, "கொஞ்சம் தேவலைங்க ஐயா" என்றேன்.

"பேசாதே. எலும்பு அசையும்."

வடக்கு மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கி, பத்தை பத்தையாகப் பிளந்தார். அந்த மூலையில் யாருடைய தலைப்பாகையையோ மடித்து வைத்தார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் தொடையிலிருந்து கணுக்கால்வரை பூசி, மூங்கில் பத்தையை வைத்து, வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். யுத்தம் தொடங்கியதிலிருந்து என் வாய்க்கு ஒரு முட்டைகூட எட்டியதில்லை, காலுக்கு ஆறு. "ஒம்பது நாள் இருக்கணும். கட்டின கைதான் அவுக்கணும். வேற யார் கை பட்டாலும் கால் கோணிக்கும்" என்று கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கினார். பத்துப் பேரோடு ஆடி, கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். என்னைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்றதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை என்பது அதைவிட மோசம்.

கூட்ஸ் கிளார்க் கட்டிலோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். "என்ன தம்பி இப்படி ஆயிடுச்சு. நாளன்னிக்குக் காலைல நடந்து வந்து நின்னாப் போதும். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுக்கறோம், வருத்தப்படாதீங்க."

விழுந்து நடிக்கும் ஆட்டக்காரனுக்கு இப்போதெல்லாம் ரெபரி மஞ்சள் அட்டை காட்டுகிறார் என்று பேரன் சொல்கிறான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அட்டையைக் காட்டினால் அவன் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்ப்பான். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவன் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடவேண்டும். வலி என்றால் வலி, முறிவு என்றால் முறிவு. நம்பி, அதற்குரிய வைத்தியத்தை ஒன்று விடாமல் செய்யவேண்டும். அதைத் தாங்கும் நடிகன் இன்னும் பிறக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் உளுந்து காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே அரிப்பு தொடங்கியது. அரிவாள்மணையை இழுத்து முடிச்சில் வைத்தேன். எங்கம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஏண்டா, காலு கோணிக்கும்னு வைத்தியரு சொன்னாருல்ல?"

"அம்மா, காலு முறியவேயில்ல. சும்மா நடிச்சேன்."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே போய், "சொரம் கண்டிருக்குது, என்னென்னமோ பேசறான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். காலைப் பார்த்தார். "ரயில் வேலை போனாப் போவுது. புளி தட்டறது உக்காந்து செய்யற வேலைதானே" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

வைத்தியர் வீட்டுக்குப் போய் வலி அதிகமாகிவிட்டது என்று காட்டவேண்டும் என்றேன். அதை மட்டும் உடனே நம்பினார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தி, மாமாவே ஓட்டிவந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் "வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவேண்டியிருந்தது.

வைத்தியர் வாசலில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு வண்டியில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரையில் பழகியதைச் சொன்னேன். பெனால்டிக்காக விழுந்ததைச் சொன்னேன். நாளைக் காலை மொரப்பூரில் டாக்டர் முன்னால் நடந்து போய் நிற்காவிட்டால் ஆயுசு முழுக்கப் புளிதான் என்பதையும் சொன்னேன். இத்தனை உண்மையை ஒரே மூச்சில் அதற்கு முன் நான் பேசியதில்லை.

"கால் முறியவேயில்லைங்க ஐயா. சத்தியமா நடிச்சேன். உங்க கையாலயே அவுத்து விட்டுடுங்க."

அவர் மூங்கில் பத்தையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"அது தொட்டப்பவே தெரியும், ஒம்பதாம் நாள் வா."