அதே பெயரில் நான்காவது கப்பல்

குன்னூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட் பங்களாவில் சமையல்காரனாகச் சேர்ந்த அன்றே என் பெயரைப் பறிகொடுத்தேன். எனக்கு முன்பிருந்த சமையல்காரர் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். துரை அவர் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டார். துரையைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

"புதுப் பேரு தொரைக்கு வாயில நொழையாதுங்க. தோட்ட வேலைக்கு நானே மூணாவது ஆளுங்க, மூணு பேருக்கும் ஒரே பேருதான்" என்றார் தோட்டக்காரர். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செத்தவர் என்றைக்கோ உடைத்த சூப்புக் கிண்ணத்துக்குக்கூட நான்தான் திட்டு வாங்கினேன்.

ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருத்திதான் இருந்தாள். நான் மலையேறிய மறு வருஷம் அவளும் போய்விட்டாள். மழை மாதங்களில் மூடுபனி சமையலறை ஜன்னல்வரை வந்து நிற்கும். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே என் பெயரை நானே சொல்லிப் பார்ப்பேன். முதலில் சிரிப்பு வரும். பிறகு அழுகை வரும். வேறொரு வாய் அதை ஒரு தடவை சொல்லிக் கேட்டால் போதும் என்று கிடந்தேன்.

துரை பழைய கப்பல்படைக்காரர். மனைவியை இழந்தவர். சாப்பாட்டு அறைச் சுவரில் மூன்று போர்க்கப்பல் படங்கள் மாட்டியிருந்தார். ஒன்று பாய் கட்டிய மரக்கப்பல். அடுத்தது புகைபோக்கி வைத்த இரும்புக் கப்பல். அதில்தான் அவர் வேலை பார்த்தார். மூன்றாவது அப்போது யுத்தத்தில் இருந்தது, அதில் அவருடைய ஒரே மகனும் இருந்தான். மூன்றுக்கும் ஒரே பெயர். படங்களைத் துடைக்கும்போது ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கப்பல் சாகும். பேர் சாகாது. அடுத்த கப்பலுக்குக் குடுக்கும்" என்றார் தன் எஸ்டேட் தமிழில்.

பழைய கப்பல் ஜெயித்த சண்டைகளைக்கூடப் புதிய கப்பலின் பலகையில் செதுக்கிவைப்பார்களாம். கப்பலுக்காவது வெற்றி கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது உடைந்த கிண்ணம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தந்தி வந்தது. மூன்றாவது கப்பல் மூழ்கிவிட்டது, மகனும் இல்லை. அந்த நீளமான மேஜையில் துரை தனியாக உட்கார்ந்து, பரிமாறியதைத் தொடாமல் எழுந்துபோவார். ஆறிப்போன தட்டை எடுக்கும்போது அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் சீமையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் புதிய கப்பலின் படத்தை அனுப்பியிருந்தார். அதற்கும் அதே பெயர். நான் சுத்தியலும் ஆணியுமாக ஸ்டூல்மேல் ஏறினேன்.

"வேண்டாம்" என்றார் துரை. "அது வேறே கப்பல்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஸ்டூலில் நின்றபடியே சொன்னேன்: "தொரை, நானும் வேற ஆளுங்க. எனக்கும் வேற பேரு இருக்குதுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பேர்?" என்றார். சொன்னேன். எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் துரை யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தொரை ஆரையோ கூப்புடறாருங்களே, ஆராச்சும் வந்திருக்காங்களா?"

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். துரை மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் செத்துப்போன சமையல்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வந்துட்டனுங்க" என்று கரண்டியோடு ஓடினேன். முதலில் கூப்பிட்டது என் சொந்தப் பெயரைத்தான் என்பது வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. துரை டீ மட்டும் கேட்டார். அதற்கப்புறம் என் பெயரை அவர் சொல்லவே இல்லை.