ஐஸ் பெட்டியின் மூலை

செங்குட்டுவனுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கப்பலில் வந்திறங்கும் கன்டெய்னர்களின் துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடிப்பது. திருவொற்றியூர் யார்டில் அவர் ஒட்டுப்போட்ட இடத்தை சூப்பர்வைசர் டார்ச் அடித்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. மனிதருக்கு அதில் பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. அந்தத் தெம்பில்தான் மகளுடைய கிட்டாரையும் ஒரு கை பார்க்க உட்கார்ந்தார்.

அதைக் காயப்படுத்தியவரும் அவரேதான். போன வருஷம் மனைவி ரமாபாய் இறந்த அன்று, வியாசர்பாடி வீட்டு வாசலில் அவளை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஏரியா பையன்கள் கானா பாட வந்திருந்தார்கள். மகள் சங்கமித்ரா கிட்டாரோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு ஒரே ஒரு பாட்டு வாசிச்சிக்கிறேன் நைனா."

சொந்தக்காரர்கள் பார்த்த பார்வையில் இவருக்கு என்ன வந்ததோ. "சாவு வூட்ல பொம்பளப் புள்ள வாசிக்கிறதா? எந்திரி" என்று பிடுங்கினார். கிட்டார் போய் ஐஸ் பெட்டியின் எவர்சில்வர் மூலையில் இடித்தது. செம்பழுப்பு நிறம் ஒரு ரூபாய்க் காசளவு பெயர்ந்து வெறும் மரம் தெரிந்தது. படத்திறப்பு முடிந்த மறுநாள் அவள் கிட்டாரை இங்கேயே போட்டுவிட்டு, வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டாள்.

அதிலிருந்து அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. யார்டுக்குப் போனார், வந்தார், எதையோ சாப்பிட்டார். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வீட்டுக்குள் வந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. நினைவு நாளுக்கு வருகிறேன் என்று மகள் போனில் சொன்ன பிறகுதான் பீரோ ஓரம் கிடந்த கிட்டார் கண்ணில் பட்டது. காயம் மறைந்தால் அவள் அம்மாவுக்கு வாசிப்பாள் என்று நினைத்தார். அதற்கு மேல் அவருக்கு யோசனை ஓடவில்லை.

கன்டெய்னரில் துரு காசளவு இருந்தால் உள்ளங்கை அளவு சுரண்ட வேண்டும், இல்லையென்றால் அடியில் பரவும். பழக்கதோஷம், இங்கேயும் அப்படியே சுரண்டினார். மரத்துக்கு ஏது துரு? காசளவு காயம் உள்ளங்கை அளவானது. அதன்மேல் பெயின்ட் கலந்து அடித்தார். நிறம் அச்சு அசலாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் மரத்தின் ரேகை தெரிய, அங்கே மட்டும் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் இருந்தது.

வண்ணாரப்பேட்டையில் மர பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் ரஷீது அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இன்னா மாமு, இப்டி கலீஜ் பண்ணி வெச்சிகீறே. இது மூடுற பெயின்ட் இல்ல. கலர் வழியா மரம் தெரியணும்."

"இப்ப இன்னா பண்றது?"

"அத்தினியும் வழிச்சி எடு. கிளியர் லாக்கர் வார்னிஷ்ல ரெண்டு சொட்டு கலர் டின்ட் வுட்டு மெல்லிசா அடி. காய வுட்டு மறுபடி அடி. கொஞ்சம் வெளுப்பா கீதேன்னு தோணும்போதே நிறுத்திக்கோ. மேல கிளியர் ஏறுனா தானா கருக்கும். மறைக்கணும்னு அடிச்சே, கெட்டுது."

பதினோரு நாள் பிடித்தது. ஒவ்வொரு கலவையையும் முதலில் துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்தார். கடல் காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் லாக்கர் வெள்ளை பூத்தது. அன்றைக்கெல்லாம் சும்மா இருந்தார். ரமாபாய் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதத்தில் இந்தப் பொறுமையில் கால்வாசியாவது காட்டியிருக்கலாம். கடைசியில் கிளியர் அடித்து, வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினார். விளிம்பு தட்டவில்லை.

நினைவு நாளன்று சங்கமித்ரா வந்து அம்மா படத்துக்கு மாலை போட்டாள். அவர் கிட்டாரை நீட்டினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க நைனா பட்டுச்சி?"

அவரே கொஞ்சம் தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது.

"வாசிம்மா. எவன் இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

மடியில் வைத்தாள். கம்பிமேல் விரல் போனது. பிறகு உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் பண்ணிகீறே நைனா. ஆனா அன்னிக்குத்தான் அம்மா வூட்ல இருந்துச்சி."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். "ஆமா" என்று மட்டும் சொன்னார்.

அவள் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்தவர்களுக்குச் சோறு போடப் போனாள். செங்குட்டுவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலை அந்த இடத்தில் ஓட்டினார். இந்தத் தடவை விளிம்பைத் தேடினார். மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் கிடைக்கவில்லை.