ஆளுக்கொரு பக்கம் தீட்டிய ரம்பம்

காலையிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. சொல்லிவிட்டாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

தாராவி மரக்கிடங்கில் எங்கள் சேட்டு, கப்பலில் வந்த செயின் ரம்பம் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். அதன் பற்களை அரத்தால் தீட்டுவது நானும் காதரும்தான். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்.

இன்று ஒரு தேக்குக் கட்டையை வாசல் நிலைக்காலுக்காக நீளவாக்கில் அறுக்க வேண்டும். செம்பூரில் வீடு கட்டும் ஆபீஸ்காரர் ஒருவருடையது. மனுஷர் கிடங்கு வாசலிலேயே நின்றார்.

“பல்லை முப்பது டிகிரி சரிச்சுத் தீட்டும்வே. எப்பவும் அப்படித்தான தீட்டுதோம்,” என்றார் காதர்.

“அது குறுக்க அறுக்கதுக்குவே. இது நீளவாக்கு. பத்து டிகிரி போதும்.”

“எனக்கே சொல்ல வந்துட்டீராக்கும்!”

இப்படியே இழுத்துக்கொண்டு போனது. சேட்டு கல்லாவிலிருந்து, “அரே, ஜல்தி கரோ!” என்று அவசரப்படுத்திக் கத்தினார்.

சண்டை வேண்டாமென்று சமாதானமாகிவிட்டோம். வலப்பக்கப் பற்கள் அவருக்கு, இடப்பக்கப் பற்கள் எனக்கு. அவரவர் டிகிரியில் தீட்டினோம்.

ரம்பம் கட்டைக்குள் நேராகத்தான் நுழைந்தது. ஒரு முழம் போனதும் பக்கவாட்டில் இழுத்தது. பிடித்துத் திருப்பத் திருப்ப, இன்னும் இழுத்தது. கடைசியில் நிலைக்கால் வில் மாதிரி வளைந்து வந்து விழுந்தது.

ஆபீஸ்காரர் கிட்ட வந்து அந்த வளைவைத் தடவித் தடவிப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

“எம்பக்கம் நல்லாத்தான்வே அறுத்துது,” என்கிறார் காதர், இன்னமும்.

உங்களில் யார் வீட்டு வாசலாவது கோணலாக இருந்தால் உடனே சொல்லுங்கள். நிலைக்கால் தயார்.