பதினைந்து வெள்ளி அட்டை

எங்கள் வீட்டுக் கடை அட்டையின் தலையில் நீலப் பென்சிலால் 15 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கும். மாதத்துக்குப் பதினைந்து வெள்ளிக்கு மேல் கடனாகச் சாமான் கிடையாது என்று அர்த்தம். என் கணவர் தனி ஆளாக மலாயாவில் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவ வந்தபோது, டவுன் மளிகைக் கடை முதலாளி அவருக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது. ஒற்றை ஆளுக்கு அது தாராளம். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது அந்த அட்டையும் கூடவே வந்து சேர்ந்தது.

அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்த காலம். லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்காரர்கள் கைக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று அரிசிக்கு அளவு, சீனிக்கு அளவு. பால் டின்னைக்கூடப் பதுக்க முடியாதபடி கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அதற்கெல்லாம் நான் அலட்டிக்கொண்டதில்லை. எல்லோருக்கும் உள்ள சட்டம் நமக்கும் உண்டு. எங்கள் அட்டைக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்யாணமாகி இரண்டாம் மாதமே கடையில் கேட்டேன். "முதலாளி, இப்ப வீட்டுல ரெண்டு பேரு, ரெண்டு சம்பளம். கொஞ்சம் கூட்டிப் போடுங்க." முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பாப்போம்மா" என்றார். அடுத்த சம்பளத்துக்கும் கேட்டேன். அப்போதும் "பாப்போம்மா"தான். இரண்டு வருஷம் அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். ஆனாலும் கடையில் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் காட்டுவேன். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் எதிர் வரிசை அக்கா. அவர் அட்டையில் முப்பது வெள்ளி. அந்த வீட்டில் வேலை செய்வதோ ஒரே ஆள். சம்பளத்தன்று அவர் கடைக்குப் பாதிக் காசையும் மீதிக்குச் சிரிப்பையும் கொடுத்துவிட்டு வருவார். நானோ கடைசிக் காசுவரை எண்ணிவைத்து, அட்டையில் 'தீர்ந்தது' என்று எழுத வைத்து, அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

அப்படித் தீர்ப்பதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. என் அப்பா வேறொரு தோட்டத்தில் இறந்தபோது, கருமாதியன்று கடைக்காரர் அட்டையோடு வந்து வாசலில் நின்றார். அவர் சத்தம் போடவில்லை, தப்பாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. சும்மா நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டு வாசலில் யாரும் அப்படி வந்து நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவது வருஷம் எனக்கு வயிற்றில் பிள்ளை. மகிழ்ச்சி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். பிள்ளை பிறக்கும் மாதம் சரியாக மழைக்காலத்தில் வந்து விழுந்தது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது; அவருக்குச் சம்பளம் குறையும், எனக்குச் சம்பளமே கிடையாது. பிள்ளை பெற்றதும் குளிப்பாட்டி மருந்து கொடுக்க எனக்குத் தாய்வீடும் இல்லை. நல்லெண்ணெய், பூண்டு, கருப்பட்டி, சுக்கு, ஓமம், பால்சுறாக் கருவாடு என்று நாற்பது நாளைக்கு நானேதான் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டும். கல்யாணத்துக்காக எடுத்த கூட்டுச் சீட்டுப் பணத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டி, கடையையும் நேர் செய்துவிட்டால் கையில் நிற்பது சொற்பம். அட்டையில் இருந்த பதினைந்து வெள்ளி அரிசி பருப்புக்கே சரியாகப் போய்விடும். வரம்பைக் கூட்டாவிட்டால் பிள்ளை பெற்ற உடம்புக்கு வெறும் ரசம்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எட்டு மாத வயிற்றோடு, சம்பளத்தன்று தோட்டத்து லாரியில் ஏறி டவுனுக்குப் போனேன். பதினைந்து வெள்ளியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டேன். முதலாளி வழக்கம்போல, "அடுத்த மாசம் பாப்போம்மா" என்றார்.

இரண்டு வருஷக் கோபமும் ஒரேயடியாக வந்துவிட்டது. அட்டையை மேசைமேல் ஓங்கி அடித்தேன். "என் வயித்தைப் பாருங்க முதலாளி. அது அடுத்த மாசம் பாக்கலாம்னு உள்ளயே இருக்குமா? பாதி குடுத்துப் பாதி ஏமாத்தறவங்களுக்கு முப்பது வெள்ளி, ஒரு காசு மிச்சம் வைக்காதவளுக்குப் பதினஞ்சா? இது என்னலா நியாயம்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கோவிச்சுக்காதேம்மா. மறைக்காமச் சொல்லு. உங்களுக்குக் கப்பல் எப்ப?"

"எந்தக் கப்பல்?"

"ஊருக்கு, இந்தியாவுக்குப் போற கப்பல்தான். போறவங்கதானேம்மா கணக்கைச் சுத்தமாத் தீர்ப்பாங்க? இங்கேயே இருக்கப் போறவங்க ரெண்டு வெள்ளி, மூணு வெள்ளி நிறுத்தி வச்சிட்டுத்தான் போவாங்க. அடுத்த மாசமும் வருவேன்னு அதுக்கு அர்த்தம். நீ ரெண்டு வருஷமா மாசாமாசம் தீர்ந்துச்சுன்னு எழுத வச்சிட்டுப் போறே. நானும் மாசாமாசம் இந்த மாசம் கெளம்பிடுவாங்கன்னு நெனைக்கிறேன். கெளம்பறவங்களுக்கு எப்படிலா கூட்டிப் போடறது?"

இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. எங்கள் அப்பா வீட்டில் கணக்கு ஒரு மாதமும் முழுசாகத் தீர்ந்ததில்லை. அதனால் தீர்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியமே வரவில்லை.

சிரிக்கலாமா அழலாமா என்று இருந்தது. ஆனால் கப்பல் என்ற வார்த்தை உள்ளே எங்கேயோ தைத்தது. என் கணவரின் அண்ணன் ஊரிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அரை ஏக்கர் இருக்கிறது, சண்டை நடக்கும் நாட்டில் ஏன் கிடக்கிறாய், வந்துவிடு என்று. இவர் படிப்பார், மடித்துப் பெட்டியில் வைப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டால் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நானும் கேட்டதில்லை. நான் இந்த நாட்டிலேயே பிறந்தவள். எனக்குத் தெரிந்த மண்ணெல்லாம் இந்த மண்தான்.

"நாங்க எங்கேயும் போகல" என்றேன். யாரையும் கேட்காமல் வாயில் வந்துவிட்டது.

"அப்படின்னா அஞ்சு வெள்ளியை எடுத்துக்க" என்றார் முதலாளி.

நம்ப மாட்டீர்கள், நான் வைத்த காசிலிருந்து ஐந்து வெள்ளியைத் திரும்ப எடுக்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. திருடுகிறவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே எடுத்தேன். முதலாளி அட்டையில் 'பாக்கி 5' என்று எழுதினார். பிறகு தலையில் இருந்த பதினைந்தை அடித்து முப்பது என்று போட்டு, பெரிதாக ஒரு வட்டம் போட்டார். கருவாட்டை அவரே பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

வேலிக் கேட்டில் மலாய்ப் போலீஸ்காரர் பையைத் துழாவினார். இவ்வளவு பூண்டு எதற்கு என்று கேட்டார். என் வயிற்றைக் காட்டி, "பெரானாக், பாங்" என்றேன். பிள்ளை பெறப் போகிறேன், அண்ணே என்று. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் மனைவியும் பெற்றிருக்கிறாள், அவளுக்கும் என்னென்னவோ வேர் வாங்கினேன் என்று சொல்லிப் பையை அவரே தூக்கிக் கையில் கொடுத்தார்.

வீட்டில் இவர் மரம் சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். முப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் விரல் கீழே இருந்த வரியில் நின்றது.

"அஞ்சு வெள்ளி பாக்கி நிக்குது. காசு பத்தலையா?"

"பத்துச்சு. வேணும்னுதான் வச்சேன்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். பாக்கி வைக்கிற வழக்கம் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் வாயத் தொறக்காம இருந்தீங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ மாசாமாசம் தீர்த்துட்டு வந்தே. உனக்கு இங்க இருக்கப் பிடிக்கல, எப்ப வேணும்னாலும் நீ ஊருக்குக் கெளம்பத் தயாரா இருக்கேன்னு நெனச்சேன். நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன். எனக்குப் போக மனசில்ல. ஆனா வந்திருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையில் இருந்த பூண்டு, கருப்பட்டி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு தாளும் பேனாவும் எடுத்து அண்ணனுக்கு எழுத ஆரம்பித்தார். வரவில்லை என்று எழுதினார். பிள்ளைக்கு இங்கேயே பேர் வைக்கப் போகிறோம் என்றும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.