இன்றேல், ஏன்?

நாட்டின் பிரதமர் எழுந்து நின்று பதில் சொல்லும் அளவுக்கு முக்கியமான ஒரே ஒரு படைப்பைத்தான் என் எழுத்து வாழ்க்கையில் எழுதியிருக்கிறேன். மூன்று வாக்கியங்கள். அவற்றில் மூன்றாவது என்னுடையதுமல்ல. நாடாளுமன்றக் கேள்விகளுக்கு வழக்கமாக முளைக்கும் வால் அது: "இன்றேல், ஏன்?"

புத்தளம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பிட்டிக்குப் பக்கத்தில், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். வலை, கயிறு, மிதவை விற்கிற சின்னக் கடை எனக்குண்டு. மற்ற நேரங்களில் பத்திரிகைகளுக்கு எழுதுவேன். வலைக்கு ஆள் வரும். எழுத்துக்கு இனிமேல்தான் வரவேண்டும்.

எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர்கள் வராமலில்லை. வருவார்கள். தென்னந்தோப்பைப் பார்ப்பார்கள், காற்றாலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், பிறகு இடமாற்றத்துக்கு எழுதிப் போடுவார்கள். கடைசியாக வந்தவர் போனபோது என் மகள் பத்தாம் வகுப்பு. இப்போது பதினொன்று. வருட முடிவில் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை. அதில் கணிதம் தவறினால் உயர்தர வகுப்புக்குப் போவதே சிக்கல். அவளுக்கோ நில அளவையாளராக வேண்டுமென்று ஆசை. மூன்று கால் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு, தூரத்தில் நிற்கும் ஆண்களைக் கைகாட்டி அப்படி நகரு, இப்படி நகரு என்று சொல்கிற உத்தியோகம். அவளுடைய உம்மா அதை எந்தக் கருவியும் இல்லாமல் செய்கிறாள் என்பது வேறு விஷயம்.

ஆரம்பத்தில் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். முக்கோணம் ஒன்றைப் பற்றி நெடுநேரம் பேசினேன். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வாப்பா, ஒங்களுக்கு ஓ.எல்.ல கணக்குக்கு என்ன வந்திச்சு?" என்று கேட்டாள். அந்தக் காலத்துப் பாடத்திட்டம் வேறு என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் என்னோடு ஒன்றாகப் படித்தவன் ஒருநாள் கடைக்கு வந்தான். எங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அவன் செயலாளன். பிளேன்டீ குடித்துக்கொண்டே, பிரதமரிடம் நேராகக் கேள்வி கேட்க உறுப்பினருக்கு முறை வருகிறது, ஊரில் என்ன பிரச்சினை என்றான். கணித ஆசிரியர் இல்லாததைச் சொன்னேன். நல்ல விஷயம், எழுதித் தா என்றான். அவன் சொன்னதில் 'எழுது' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

எழுதினேன். பாய்க்கப்பலில் இந்தக் கரைக்கு வந்த அராபிய வணிகரிலிருந்து தொடங்கினேன். எழுத்தை வைத்துக் கணக்குப் போடுகிற அட்சரகணிதம் அவர்கள் மண்ணில் வளர்ந்த கலை. நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டே கடலைக் கடந்தவர்கள் அவர்கள். அந்த வழியில் வந்த பிள்ளைகள் இன்று எக்ஸைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் ஓடுகிறார்கள் என்பதைப் பிரதமர் அறிவாரா? களப்பு நீர் உவர்ப்பதற்கு மாணவரின் கண்ணீரும் ஒரு காரணம் என்பதை ஏற்றுக்கொள்வாரா? மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாயிருக்கிறது, ஆனால் நீளம் என்றாள். கலை தெரியாதவர்கள் எதற்கும் நீளம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் நண்பன் தொலைபேசியில் வந்தான். கேள்விகளை ஒழுங்குபடுத்துகிற இடத்தில் உவமைகளை எடுத்துவிட்டார்களாம். அராபியர், நட்சத்திரம், பேய், கண்ணீர் எல்லாம் போய், மிஞ்சியதை வாசித்தான்.

(அ) மேற்படி பாடசாலையில் ஒரு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை என்பதைப் பிரதமர் அறிவாரா?
(ஆ) அதனால் மாணவர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பதை ஏற்றுக்கொள்வாரா?
(இ) இன்றேல், ஏன்?

மீனை வெட்டித் தலையையும் வாலையும் திருப்பித் தந்த மாதிரி இருந்தது. நண்பன் தொடர்ந்து, பதில் வந்த பிறகு உறுப்பினர் மேலதிகமாக இரண்டு கேள்வி கேட்கலாம், என்ன கேட்க என்றான். நான் உவமைகளின் துக்கத்தில் இருந்தேன். "ஒண்டும் வேணாம் மச்சான். கேக்க வேண்டியது எல்லாம் அதிலயே இருக்கு" என்றேன்.

கேள்வி வந்த அன்று காலை நாடாளுமன்றத்தை நேரடியாகப் பார்க்கப் பாடசாலை அதிபர் மண்டபத்தில் திரை கட்டினார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அது கணித பாடவேளை; எப்படியும் சும்மா இருக்கிற நேரம். பின்னால் உம்மாமார், அவர்களுக்கு நடுவில் என் மனைவி. முன்வரிசையில் எனக்கொரு கதிரை. இஸ்திரி போட்ட சட்டையோடு, பிரதமர் என்னைப் பார்த்துவிடக்கூடும் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

உறுப்பினர் எழுந்து கேள்வியைத் தமிழில் வாசித்தார். ஊரின் பெயர் வந்ததும் மண்டபம் சிலிர்த்தது. பிரதமர் எழுந்தார். மொழிபெயர்ப்பாளரின் குரல் சாவதானமாகத் தமிழில் வந்தது.

"(அ) ஆம். (ஆ) ஆம். (இ) எழாது."

பிரதமர் அமர்ந்தார். மேலதிகக் கேள்விகள் உண்டா என்று சபாநாயகர் விசாரித்தார். இல்லை, பதிலுக்கு நன்றி என்று சொல்லி உறுப்பினரும் அமர்ந்தார். அடுத்து எங்கோ ஒரு பாலத்தைப் பற்றிய கதை தொடங்கிவிட்டது.

அதிபர் கைதட்டினார். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் எல்லாரும் கைதட்டினோம். பிரதமரே ஒத்துக்கொண்டார் என்று யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வடை வந்தது. ஒன்றைக் கையில் எடுத்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வாப்பா, டீச்சர் எப்ப வருவாங்க எண்டு கேக்கவே இல்லையே."

வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். திரையில் பாலம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பிரதமரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அறிவாரா என்று கேட்டோம், அறிவேன் என்றார். ஏற்றுக்கொள்வாரா என்றோம், அதையும் மறுக்கவில்லை. இரண்டுக்கும் ஆம் என்றானபிறகு, ஏன் என்ற கேள்வி எழாதுதான். அராபியக் கப்பலை விரித்துக் கரைக்குக் கொண்டுவந்த நான், அதில் ஆசிரியரை ஏற்ற மறந்திருந்தேன். உவமையை எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்தார்கள். உள்ளே வேறு சரக்கு இல்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கேக்க வேண்டியது எல்லாம் அதிலயே இருக்கா?" என்றாள். நண்பனோடு பேசியதை அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறாள். இன்னொரு கேள்வி போடலாமே என்றேன். உறுப்பினருக்கு அடுத்த முறை வர மாதக்கணக்காகும், அதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று நண்பன் சொல்லியிருந்ததை நானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அடுத்த கிழமை அவளும் வேறு சில உம்மாமாரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினார்கள், வலயக் கல்விக் காரியாலயத்துக்கு. நானும் வரட்டுமா என்றேன். சோறாக்கி வையுங்கள் என்றாள். ஆக்கினேன். அடிப்பிடித்தது.

பின்னேரம் திரும்பி வந்தவள் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி, எப்ப வருவாங்க என்று. அதிகாரி நல்ல மனிதர். கதிரை போட்டு இருக்கச் சொல்லி, இரண்டு கிழமை அவகாசம் கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னன், சேர், நாங்க சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கம். இங்கயே இருந்து பாக்கிறம் எண்டு."

அதிகாரி சிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாராம். உம்மாமார் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள், கனமூலைப் பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியை கிழமைக்கு மூன்று நாள் வருவதென்று முடிவாகியிருக்கிறது. இதையெல்லாம் என் அடிப்பிடித்த சோற்றை முகர்ந்து பார்த்தபடியே சொன்னாள்.

ஆசிரியை வந்தார். சின்ன வயசு, கண்ணாடி, உரத்த குரல். முதல் கிழமையே பெற்றோரைக் கூப்பிட்டுத் தன் திட்டத்தைச் சொல்லிவிட்டு, யாருக்கும் கேள்வி இருக்கிறதா என்றார். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். ஆனாலும் எழுந்துவிட்டேன். அராபியக் கப்பல் தொண்டைவரை வந்து நின்றது. எனக்கு உண்மையில் தெரியவேண்டியிருந்தது, இவரும் காற்றாலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவாரா என்பதுதான். அதை நேராகக் கேட்கத் துணிவில்லை.

"டீச்சர், பகல் சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "பேக்கரிப் பணிஸ் ஒண்டு கொண்டு வாறன்," என்றார். "சோறு கட்டினா வெக்கையில பழுதாப் போகுது. இங்க சாப்பாட்டுக் கடையும் இல்லையே."

பின்னால் உம்மாமார் குசுகுசுத்தார்கள். கூட்டம் கலைவதற்குள் மூன்று நாளுக்கும் மூன்று வீடு சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு. திரும்பும்போது மனைவி, "கேட்டது சரி. ஆக்குறது ஆரு?" என்றாள். உவமை எதுவும் அகப்படவில்லை. நான்தான் என்றேன்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு மீன் ஆய்கிறேன், தேங்காய் துருவுகிறேன். சோறு இப்போது அடிப்பிடிப்பதில்லை. தவணைப் பரீட்சையில் மகள் கணிதத்தில் தேறியிருக்கிறாள். பெரிய பரீட்சை இனித்தான். டீச்சர் இன்னும் இடமாற்றத்துக்கு எழுதிப் போடவில்லை. கறி எப்படி என்று நான் அவரிடம் கேட்பதில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிற ஆள்.