தலைவருக்கு ஒரு பொன்னாடை

தொண்ணூறுகளின் பின்பாதியில், நாகல் நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டைப் பற்றி நமக்கு என்னதான் தெரியும் என்று நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ளும் கூட்டம். ஒரு மாதம் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய கதை, ஒரு மாதம் தோல்பாவைக்கூத்து, ஒரு மாதம் எங்கள் மலைக்கோட்டை. வாத்தியார்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள். சுண்டலுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு, அவர்களைத்தான் நாங்கள் பெரிதும் நம்பியிருந்தோம். கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். அதனால் வரவேற்புரை, கோலம், சுண்டல் எல்லாம் என் தலையில் விழுந்தன. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்துகிற எனக்கு மைக்கே வேண்டாம் என்று செயலாளர் கிண்டல் செய்வார்.

செயலாளர் தங்கமான மனிதர். பேச வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்றால் அவருக்கு உயிர். ஆனால் பெண்ணுக்கு ஆண் போர்த்துவதில்லை என்பது எங்கள் வழக்கம். பெண் பேச வந்தால் நான் போர்த்த வேண்டும். அதுவரை யாரும் வராததால் அந்த வேலை எனக்கு வாய்க்கவே இல்லை.

உள்ளாட்சியைப் பற்றிப் பேச ஒரு மாதம் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பஞ்சாயத்துத் தலைவரை அழைத்தோம். பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த தேர்தலில் ஜெயித்தவர். மல்லிகைத் தோட்டக்காரக் குடும்பம். ஆனால் ஊரில் எல்லோரும் 'தலைவரே' என்று கூப்பிட்டது அவருடைய கணவரைத்தான். கையெழுத்து இவர், பேச்சு அவர். அப்போது பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது.

கூட்டம் சாயங்காலம். அந்த அக்கா மத்தியானமே தனியாக என் வீட்டுக்கு வந்துவிட்டார். மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்வந்து கறிக்குழம்பு வைத்திருந்தேன். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"வெஞ்சனம் பிடிக்கலையாக்கா?"

"அதெல்லாம் நல்லாத்தேன் இருக்கு டீச்சர். வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது."

பிறகு மெதுவாகச் சொன்னார். "செயிச்சதுலருந்து எல்லாக் கூட்டத்துக்கும் போறேன். அவுகதேன் பேசுறாக. எங்குரலு மைக்குல எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு நானே பேசிரணும் டீச்சர். பூப்பறிக்கயில சொல்லிச் சொல்லிப் பாத்துருக்கேன்."

"அவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்ல வாய் வரல."

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். நேராக மேடைக்குப் போய் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மேல் குற்றமில்லை, எந்தக் கூட்டத்திலும் அவர் உட்காரும் நாற்காலி அதுதான். அக்கா பெண்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் வரவேற்புரையில் "தலைவர் அவர்களை வரவேற்கிறேன்" என்று சொன்னதும் கணவர் எழுந்து கும்பிட்டார். நான் திரும்புவதற்குள் செயலாளர் பொன்னாடையை உதறி விரித்து அவர் தோளில் போர்த்திவிட்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் செயலாளருக்கு அன்று சுண்டல் கிடையாது என்று முடிவு செய்தேன். "நாற்காலியில இருக்கவருக்குப் போத்திட்டேன் டீச்சரம்மா, கைப்பழக்கம்" என்று பிற்பாடு தலையைச் சொறிந்தார்.

கணவர் நன்றாகவே பேசினார். ரோடு, குடிதண்ணீர், பள்ளிக்கூடத்துச் சுவர் என்று போய், "தோட்டத்துப் பாதைக்கு லைட்டுப் போட்டோம். விடியுமுன்ன பூப்பறிக்கப் போற பொம்பளைக இனி இருட்டுல தட்டுத்தடுமாற வேண்டியதில்ல" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்த அக்காவும் தட்டினார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செயலாளர் நன்றி சொல்ல எழுந்தார். நான் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். "அடுத்து தலைவர் பேசுவாங்க."

"நான் பேசிட்டேனே டீச்சர்" என்றார் கணவர், வெள்ளந்தியாக. அதற்குள் அக்கா எழுந்து நடந்து வந்துவிட்டார்.

எங்கள் ஒலிபெருக்கிக் குழாயைப் பால்கனிக் கம்பியில் தெருவைப் பார்த்துக் கட்டியிருப்போம். அவர் "வணக்கம்" என்றார். அது தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தது. திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார். சொல்லிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது முகத்திலேயே தெரிந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாதாவே, ஒரு வார்த்தையாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"லைட்டுப் போட்டோம்னு அவுக சொன்னாக. அதுக்குக் கரண்டு ஆபீசுக்கு நாந்தேன் போனேன். நெலக்கோட்டையில பூவ எறக்கிட்டு அப்படியே போயிருவேன். பாம்பு கெடக்கு, பொம்பளைக விழுந்து எந்திரிச்சுப் போறாகன்னு சொல்லுவேன். ஒரு தடவையா, போய்க்கிட்டேதேன் இருந்தேன். அவுகளுக்கே தெரியாது."

கணவர் சபையில் இருக்கிறோம் என்பதையே மறந்து, வீட்டில் கேட்பது போலக் கேட்டார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க போயிருவீகள்ல."

அது மைக்கில் விழுந்து தெரு முழுக்கக் கேட்டது. கீழே டீக்கடையில் சிரித்தது மாடிக்குக் கேட்டது. கணவரும் சிரித்தார், சிரிக்கும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சு தானாக வந்தது. கிராம சபைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை, பூப்பறிப்பு நேரத்தில் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள் என்று நிதானமாகக் கேட்டார். சுண்டலுக்கு வந்தவர்கள்கூட அசையாமல் கேட்டார்கள்.

அவர் முடித்ததும் கணவர் எழுந்து, பொன்னாடையைக் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினார். "இது எனக்கு வாங்குனது இல்ல டீச்சர். நீங்களே போட்டு விடுங்க." வாங்கிப் போர்த்திவிட்டேன். கூட்டத்துக்கு முன்னாலேயே அழுதேன், அதற்கு வெட்கப்படவும் இல்லை.

கணவர் வண்டியை எடுக்கப் போயிருந்தார். நானும் அக்காவும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

"மைக்குல குரலு எப்படிக்கா இருந்துச்சு?"

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "எங்காத்தா குரலு டீச்சர். அப்படியே எங்காத்தா குரலு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது சத்தமாப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல."