பாப்பாவின் சாவி

எங்க வீட்டுல பாப்பான்னா என் நாத்தனார். நாற்பது தாண்டியாச்சு, கண்ணாடி இல்லாம கரண்ட் பில் படிக்க முடியாது, இருந்தாலும் பாப்பாதான். ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில லேப்டாப்பை விரிச்சுடுவா. சின்ன நூலகங்கள்ல யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்க, எப்போ திருப்பணும்னு பார்த்துக்கற மென்பொருள். இலவசம். யார் வேணும்னாலும் அதைத் திருத்தி அனுப்பலாம். அதைச் சரிபார்த்துச் சேர்க்கற உரிமையை சாவின்னுவாங்க. அந்தச் சாவி பாப்பாகிட்ட இருந்துச்சு.

புதுசா வர்றவங்க மிரளக்கூடாதுன்னு, திருத்தம் அனுப்பினதும் தானா போற மாதிரி ஒரு வரவேற்பு எழுதினா. நான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன், வரிவரியா படிச்சுக் காட்டி உயிரை எடுத்தா. தொல்லை விட்டா போதும்னு கடைசி வரியை நானே சொன்னேன்.

அப்படி வந்தவதான் மின்மினி. அது அவளா வெச்சுக்கிட்ட பேர். வேற ஊர், போன்லதான் பழக்கம். முதல்ல அனுப்பினதெல்லாம் ஓட்டை உடைசல். பாப்பா முகம் சுளிக்காம சொல்லிக் கொடுத்து, கடைசியில அவளுக்கும் ஒரு சாவி கொடுத்தா.

பாப்பா ஒரு விதியும் போட்டிருந்தா. முன்னாடி ஒருத்தர் சாவியோட காணாமப் போய் எல்லாரும் திண்டாடினாங்களாம். அதனால, ஆறு மாசம் தகவலே சொல்லாம இருக்கறவங்க சாவியை குழுவுல இருக்கற மத்தவங்க ஓட்டுப் போட்டு எடுத்துடலாம்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன். ஆபீஸ் போக மிச்ச நேரமெல்லாம் அண்ணனைத் தூக்கி உட்கார வெச்சது, நடக்க வெச்சது பாப்பாதான். லேப்டாப்பைத் தொடலை. குழுவுல சொல்லிடும்மான்னு மின்மினிக்குப் போன் பண்ணினா. ஸ்பீக்கர்ல நானே கேட்டேன்: "நான் பார்த்துக்கறேன் அக்கா. நீங்க அண்ணனைப் பாருங்க."

நல்லா பார்த்துக்கிட்டா மகராசி. ஆறு மாசம் முடிஞ்சதும் அவளே ஓட்டுக்கு விட்டா. அக்காகிட்டருந்து எந்தத் தகவலும் இல்லைன்னு எழுதி. மத்தவங்களுக்கு என்ன தெரியும், கட்டைவிரலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள்ல ஒரு கம்பெனி, இந்த மென்பொருளோட தலைமைப் பொறுப்பாளர்னு அவளை வேலைக்கு எடுத்துக்கிச்சு.

ஏம்மா இப்படின்னு பாப்பா கேட்டதுக்கு ஒத்தை வரி பதில் வந்துச்சு.

"விதி நீங்க எழுதினதுதானே அக்கா."

வளர்த்த கடா மார்புல பாயும்பாங்க, பார்த்தது அப்பதான். எல்லார் முன்னாடியும் போட்டு உடைன்னு கத்தினேன். எழுதினா. போன்ல பேசினதுக்கு யார் சாட்சின்னு கேட்டாங்களாம். நான் இருக்கேனேன்னேன். அண்ணி சாட்சி செல்லாதாம்.

போன வாரம் ஒரு நூலகர் பாப்பாவைக் கூப்பிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைங்களுக்கும் கொடுக்கலைன்னு அபராதம் விழுது, குழுவுல யாரும் கண்டுக்கலைன்னார். எக்கேடோ கெட்டுப் போகட்டும் விடுன்னேன். கேட்கலை. உட்கார்ந்து சரிபண்ணி, வெளியாள் மாதிரி அனுப்பினா. குழுவுல பேர் இல்லாதவங்களுக்குத் தானா போற பதில் உடனே வந்துச்சு.

"வாங்க. புதுசா வந்திருக்கீங்களா? தயங்காதீங்க, தப்பு வந்தா சேர்ந்து திருத்திக்கலாம். உங்க உழைப்பை இங்க யாரும் மறக்க மாட்டோம்."

அதுக்குக் கீழ, மின்மினியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறதுன்னு இருந்துச்சு.

பாப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை படிச்சா.

"கடைசி வரி நீங்க சொன்னது அண்ணி"ன்னா.